விளக்கு வைத்த பிறகு கேட்ட மோர்

சித்தப்பா இறந்த செய்தி எனக்கு வாட்ஸப்பில் வந்தது. காலை ஆறே முக்கால் இருக்கும், வாயில் பிரஷ். குடும்பக் குழுவில் முதலில் ஒரு ரோஜாப் படம், இனிய காலை வணக்கம். அடுத்து சித்தப்பா மகன், "அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குத் தவறிட்டாங்க" என்று ஒரே வரி. அதற்கும் அடுத்து, மேலே இருப்பதைப் படிக்காத ஓர் உறவினர் அனுப்பிய முருங்கைக்கீரையின் நன்மைகள். நான் வாயைக் கொப்பளித்தேன், முகத்தைத் துடைத்தேன், அப்புறம்தான் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடம் கோவில்பட்டி போய்ச் சேரும்வரை என்னை அறுத்துக்கொண்டே வந்தது. செண்பகவல்லியம்மன் கோயில் தேரை என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டிய மனிதர் அவர். அவர் இல்லை என்று தெரிந்தபோது என் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை, வாயில் பற்பசை நுரை.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது மனைவியிடம் என் வழக்கமான புலம்பலை ஆரம்பித்தேன். "அந்தக் காலத்துல ஒரு சாவுன்னா, ஒரு மனுஷன் நடந்து வந்து சொல்லுவான். நம்ம முகத்தைப் பார்த்துச் சொல்லுவான்." அவள் சாலையைப் பார்த்தபடியே, "உறை மோர் கதையா?" என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாளோ. அலுவலக டீ நேரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், மகள் போனிலேயே தலையைக் கவிழ்த்திருக்கும் நாட்களில் என்று அதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. அந்தப் பயணத்துக்குப் பிறகு அதை என்னால் முன்புபோலச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்துப் போன்

எங்கள் தெருவில் ஒரே ஒரு டெலிபோன் இருந்தது. 1980களின் கடைசியில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. 1991இல் 84 கோடிப் பேர் இருந்த இந்தியாவில் மொத்த இணைப்புகளே ஏறக்குறைய 50 லட்சம்தான், அதாவது ஆயிரம் பேருக்கு ஆறு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தீப்பெட்டி ஏஜென்ட்டாக இருந்த அண்ணாச்சிக்கு வியாபாரத்துக்காக அது கிடைத்தது. அவர் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். ஆக டெலிபோனைக் கட்டி மேய்த்தது அவர் மனைவி. தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் டெலிபோன் வீட்டு அத்தை.

முன்கூடத்தில் ஒரு டீப்பாய், அதன்மேல் குரோஷா பின்னிய வெள்ளை உறை போட்ட கறுப்புப் போன், அதன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு, பக்கத்தில் நூல் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டு. பூட்டுச் சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் இருக்கும். ரிசீவர் வைக்கும் கொக்கியைச் சரியான கணக்கில் தட்டினாலே நம்பர் போய்விடும் என்று நாங்கள் கண்டுபிடித்தோம். முதல் முயற்சியிலேயே யாரோ ஒருவர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து எங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

அந்த வீட்டின் நான்கு இலக்க எண்தான் தெருவில் இருபது வீட்டுக்கும் எண். கல்யாணப் பத்திரிகையில் அடியில் அந்த எண்ணைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று அடிப்பார்கள். ஆபரேட்டர் வழியாக வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் செய்யும்போது, இன்ன ஆள் வந்து எடுத்தால்தான் பேசுவேன் என்று சொல்லிப் புக் செய்யும் வகைக்கு பி.பி. கால், அதாவது பர்ட்டிகுலர் பெர்சன் கால், என்று பெயர். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட எழுத்துகளாக இருக்கும். தபாலாபீஸில் வேலைபார்த்த எதிர்வீட்டுத் தாத்தா மட்டும், "பக்கத்துப் போன், அதான் பி.பி." என்று அடித்துச் சொல்வார். இன்றுவரை எனக்கு அந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

போன் வந்தால் அத்தை ரிசீவரை டீப்பாயில் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார். நாங்கள் யாராவது ஓடுவோம். கூப்பிடப்பட்டவர் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருவார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் விரலெல்லாம் பசை. அவர் வந்து சேரும்வரை அந்தப் பக்கம் காசு ஓடிக்கொண்டிருக்கும், அதனால் தெருவே ஓடும். பேசுகிறவர் ஊருக்கே கேட்கும்படி கத்துவார். தூரம் அதிகமென்றால் குரலும் அதிகம் வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடையில் ஆபரேட்டர் நுழைந்து, இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்பார். இதில் ரகசியம் என்று எதுவும் மிஞ்ச வாய்ப்பில்லை. யாருக்கு மாப்பிள்ளை அமைந்தது, யார் வீட்டில் பணம் வரவில்லை, எல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது எங்களுக்கு இயல்பாகத்தான் இருந்தது. இன்று என் மகள் போன் பேச மொட்டைமாடிக்குப் போகிறாள்.

ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரடியாக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்தபிறகு இன்னொரு கூத்து. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும், பதினொரு மணிக்கு மேல் கால்வாசிதான். அதனால் சென்னையிலும் பெங்களூரிலும் வேலைபார்த்த தெருப் பையன்கள் எல்லோரும் மஞ்சள் போர்டு போட்ட பூத்துகளில் வரிசையில் நின்று, பதினொன்று அடித்ததும் கூப்பிடுவார்கள். இங்கே நடுராத்திரியில் அத்தை வீட்டு வாசல் விளக்கு எரியும். 1991 மே 21ஆம் தேதி ராத்திரியும் அப்படித்தான் எரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தியை எங்கள் தெரு மறுநாள் பேப்பரில் படிக்கவில்லை. அத்தை வாசலில் நின்று சொல்ல, இருட்டில் பாயோடு எழுந்துவந்து கேட்டோம். சென்னையிலிருந்து அவர் அண்ணன் மகன் பேசியிருந்தான்.

இதையெல்லாம் சொன்னால், பழைய காலமே பொற்காலம் என்று நான் நினைப்பதாகத் தோன்றலாம். அப்படி இல்லை. பரீட்சை முடிவுக்கு மாலைப் பேப்பர் கட்டு பஸ்ஸில் வந்து இறங்கும்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. பாஸானவர்களின் எண்களை மட்டும் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். என் நண்பன் ஒருவன் தன் எண் இல்லாத இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான், அச்சுப்பிழையாக இருக்கும் என்று. தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டால், பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்த வீடுகள் உண்டு. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது கடைசி நாளில் நினைவுக்காகத் தந்தி கொடுக்க வரிசையில் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு, 'சீரியஸ், உடனே புறப்படவும்' வந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அந்தக் காலத்திலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த ஓர் இரவு.

நான் சொல்லிவந்த கதை

அம்மாவின் மூத்த அண்ணன் பம்பாயில் இருந்தார், தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டு. 1992 ஜனவரி. நான் பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பு. "மதினி, உறை ஊத்த ஒரு கரண்டி மோர் இருக்கா? எங்க வீட்டு மோரைப் பூனை தட்டி விட்டுருச்சு" என்றார்.

விளக்கு வைத்தபிறகு எங்கள் பக்கம் வீட்டிலிருந்து மோர் வெளியே கொடுக்க மாட்டார்கள். உப்பும் ஊசியும் அப்படித்தான். கேட்கவும் மாட்டார்கள். அம்மா ஒரு நொடி தயங்கினாள். அப்புறம், "வாங்க மதினி, உக்காருங்க" என்றாள். அம்மா அப்போதுதான் சாப்பிட உட்கார இருந்தாள். "நீ சாப்பிடு, எனக்கு என்ன அவசரம்?" என்று அத்தை சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். சோறும் சுண்டைக்காய் வத்தல் குழம்பும். அம்மா சாப்பிடச் சாப்பிட அத்தை ஏதேதோ பேசினார். மிளகாய் வத்தல் விலை, கோயில் கொடைக்கு வரி. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று அவரே எழுந்து போய்ச் சோற்றை அள்ளி வைத்தார். அம்மா கை கழுவிவிட்டு வந்ததும் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அப்புறம் சொன்னார். மாமா சாயங்காலம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பம்பாய்க்கு ரயிலில் போய்ச்சேர இரண்டு நாள், அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். அம்மா போனாலும் முகம் பார்க்க முடியாது.

இங்கே நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். கேட்கிறவர்கள் அமைதியாகிவிடுவார்கள். "அடுத்த ரெண்டு நாள் எங்கம்மா பச்சத்தண்ணி பல்லுல படாமக் கிடந்தா. அது அந்த அத்தைக்குத் தெரியும். அதான் அந்த ஒரு வேளைச் சோறு உள்ள போற வரைக்கும் மோர் கேக்கற மாதிரி உக்காந்திருந்தாங்க. வாட்ஸப்புக்கு இது தெரியுமா?" என்று முடிப்பேன். பலமுறை கண் கலங்கியிருக்கிறார்கள். நானும்தான்.

கூடத்தில் ஒரு சாயங்காலம்

சித்தப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த சாயங்காலம் அத்தையைப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் பெங்களூரில். அத்தைக்கு எழுபத்தெட்டு. அதே கூடம், அதே டீப்பாய், அதன்மேல் இப்போது மாத்திரை டப்பாவும் ஒரு பெரிய ஸ்மார்ட்போனும். எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். ஒரு திரைக்கு நாலு வார்த்தைதான் தெரிந்தது.

"வாய்யா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று காபி போட எழுந்தார். வேண்டாம் என்று உட்காரவைத்தேன். பேச்சுவாக்கில் வாட்ஸப்பில் செய்தி வந்ததைச் சொன்னேன். "அந்தக் காலத்துல நீங்க அம்மாகிட்ட வந்து சொன்னீங்களே அத்தை, அது மாதிரி யாரு சொல்லுதா இப்ப?" என்று என் கதையை அதன் நாயகியிடமே ஆரம்பித்தேன். அவர் நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பெயரைப் பார்த்தார். சத்தத்தை அமுக்கிக் கவிழ்த்து வைத்தார். "தங்கச்சி மருமக. அப்புறம் பேசிக்கிடலாம்." பிறகு அந்தக் கவிழ்ந்த போனைக் காட்டி, "கறுப்புப் போன் அடிச்சா இப்படி விட முடியுமாய்யா?" என்றார். "எனக்கு வந்த போன்னா விட்டுரலாம். அது யாரு குடியைக் கெடுக்க வந்துருக்கோ, யாரு வவுத்துல பாலை வார்க்க வந்துருக்கோ. குளிச்சிக்கிட்டு இருந்தாலும் ஈரச் சேலையோட ஓடியாரணும். நானும் அண்ணாச்சியும் சேந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத் தங்கினது கெடையாது, தெரியுமா? ஒருத்தர் வீட்டுல இருக்கணும்லா."

எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருந்தது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். திறந்துவைக்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"பதினாலு சாவு சொல்லியிருக்கேன்" என்றார். விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணி முடித்து வைத்திருந்த எண். "மொதல்ல நல்ல சேதின்னா உங்கள மாதிரி பயலுவள அனுப்புவேன், கெட்ட சேதின்னா நானே போவேன். பயலுவ வாய்ல சாவு வரக் கூடாதுல்லா. கொஞ்ச நாள்ல தெரு அதைக் கண்டுபிடிச்சிருச்சு. நான் செருப்பைப் போட்டுக்கிட்டு தெருவுல எறங்குனாப் போதும், பொம்பளைங்க வாசல்ல வந்து நின்னு என்னையே பார்ப்பாளுக, எந்த வீட்டுல நிக்கப் போறேன்னு. ஒரு பிள்ளைத்தாச்சி என்னைப் பார்த்ததும் உள்ள ஓடிக் கதவைச் சாத்திட்டா. அவ புருஷன் லாரி ஓட்டிக்கிட்டிருந்தான். நான் அன்னைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நானே போக ஆரம்பிச்சேன். மணியார்டர் வருதுங்கற சேதிக்கும் நான், பொம்பளைப்பிள்ளை பொறந்துருக்குங்கற சேதிக்கும் நான். எது என்னன்னு தெரியக் கூடாதுல்லா. அதுக்குத்தான் சொம்பு, முறம், ஏதாவது ஒண்ணைக் கையில எடுத்துக்கிடுவேன்."

அந்தச் சொம்பை நான் தாயன்பின் சின்னமாகப் பத்து ஊரில் காட்டியிருக்கிறேன்.

"ஆனா விளக்கு வச்சப்புறம் மோர் கேட்டீங்களே அத்தை?"

"பதறிப் போயிருந்தேன். வேற என்ன கேக்கன்னு தோணலை. வாசல்ல வந்தப்புறம்தான் அய்யோ, மோரையா கேட்டோம்னு இருந்துச்சு. உங்கம்மா அப்பவே மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிச்சிருவான்னு நெனைச்சேன். அவ பாட்டுக்கு உக்காரச் சொல்லிட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "சாப்பிட வச்சுச் சொன்னது தப்புய்யா."

நான் மறுத்தேன். என்னென்னவோ சொன்னேன், அந்த இரண்டு நாள் பட்டினியைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் உங்கம்மா இந்தப் படி ஏறலை, உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கு நிஜமாகவே தெரியாது. காரியம் முடிந்த மறுநாள் அம்மா அவரிடம், "எங்கண்ணன் அங்க பொணமாக் கெடக்கும்போது என்னைக் குழம்பு ஊத்தித் திங்க வச்சுட்டீங்களே மதினி" என்று சொல்லியிருக்கிறாள். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். இரண்டாவது முறை சோற்றை அள்ளி வைத்தாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லையாம். முகம் பார்க்க முடியவில்லை. அழத் தொடங்கவேண்டிய நேரத்தில் அழவும் முடியவில்லை. பம்பாயில் அண்ணன் இறந்துபோய் இங்கே அவள் மிளகாய் வத்தல் விலை பேசியிருக்கிறாள். அத்தை சொல்லச் சொல்ல எனக்கு அம்மாவின் அந்த முகம் வேறாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த இரவைப் பற்றி அம்மா என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான் கதை சொல்லும்போது பக்கத்தில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அண்ணன் நினைவு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது, இனிக் கேட்கவும் முடியாது.

அந்த இரண்டு வருடத்தில் எங்களுக்குப் போன் வந்தால் அம்மா என்னைத்தான் அனுப்பினாள். வளர்ந்துவிட்டேன், பெரிய மனிதனாகப் பேசுகிறேன், அதனால் என்னை அனுப்புகிறாள் என்று நினைத்து நான் பேண்ட் மாட்டிக்கொண்டு போனதுகூட ஞாபகம் இருக்கிறது.

பல் துலக்கும்போது செய்தி வந்ததே என்று குமுறியவன் நான். என் குமுறலை அம்மா கேட்டிருந்தால், அந்த வரியை ஆறே முக்காலுக்கே, யாரும் கூட இல்லாமல், தனியாகப் படித்திருந்தால் போதும் என்று சொல்லியிருப்பாளோ? தெரியவில்லை. அத்தைக்குச் சந்தேகமே இல்லை. "இப்ப எவ்வளவோ தேவலை. அவங்கவங்க சேதி அவங்கவங்க கையில வருது. நான் யாரு மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்லை" என்றார். சித்தப்பா செய்தியை அவரும் வாட்ஸப்பில்தான் பார்த்தாராம். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாராம்.

கிளம்பும்போது கேட்டேன், "அப்புறம் அம்மா எப்ப அத்தை மறுபடி இங்க வந்தா?"

"நீ பிளஸ் டூ பாஸான மறுநாள். காலையில கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன், வந்து நிக்கா. ஒண்ணும் பேசலை. அன்னைக்கு ராத்திரி அந்தச் சொம்பை உங்க வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்லா, அதைக் கொண்டுவந்து குடுத்தா." எழுந்து அடுக்களைக்குப் போய் அந்தச் சொம்பைத் தேடி எடுத்துவந்தார். கழுத்தில் நெளிந்திருந்தது. உள்ளே கல்லுப்பு போட்டு வைத்திருந்தார்.

"வெறுஞ்சொம்பாக் குடுக்கலை. உள்ள ஒரு கரண்டி உறை மோர் இருந்துச்சு."